அம்மாவே மேனேஜர் ஆனால்

'தி ஃபைட்டர்' படத்தை நேற்று ராத்திரி மூன்றாவது முறையாகப் பார்த்தேன். 2010இல் வந்தது. குத்துச்சண்டைப் படம் என்பார்கள். எனக்கென்னவோ அது ஒரு வீட்டின் வரவு செலவுக் கணக்காகவே தெரிகிறது.

அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் பக்கம் லோவெல் என்று ஒரு பழைய மில் ஊர். அங்கே மிக்கி வார்டு, அவர் அண்ணன் டிக்கி எக்லண்ட். அம்மா ஒன்று, அப்பா வேறு. இருவரும் நிஜ மனிதர்கள், குத்துச்சண்டை வீரர்கள். டிக்கி 1978இல், பின்னாளில் உலக சாம்பியனான சுகர் ரே லெனார்டோடு பத்து ரவுண்டும் தாக்குப்பிடித்துத் தோற்றவர். நடுவில் லெனார்டு ஒருமுறை தரையில் விழுந்தார். குத்து வாங்கி விழுந்தாரா, இடறி விழுந்தாரா என்று இன்னும் பேசுகிறார்கள். டிக்கிக்கு அதுவே போதும், அதைச் சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டுகிறார், கிராக் என்ற கொக்கெயின் போதையோடு. தம்பிக்குப் பயிற்சியாளர் அவர்தான். மேனேஜர், அம்மா ஆலிஸ். சுற்றி ஏழு சகோதரிகள். எல்லோருக்கும் மிக்கி மேல் உயிர். எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பதும் அந்த ஒரு உடம்பு சம்பாதிப்பதைத்தான்.

படத்தில் என்னால் மறக்க முடியாத இடம் ஒன்று. மோத வேண்டியவருக்குக் காய்ச்சல். பதிலுக்கு வேறு ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள், மிக்கியைவிட 20 பவுண்டு கூடுதல் எடை. நம் கணக்கில் ஒன்பது கிலோ. எடைப் பிரிவு என்று ஒன்றை வைத்திருப்பதே இப்படி நடக்கக் கூடாது என்றுதான். ஆனால் இறங்காவிட்டால் யாருக்கும் பணம் கிடையாது. அம்மா சரி என்கிறார், அண்ணன் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். மிக்கி இறங்கி, முகம் வீங்கத் திரும்புகிறார். வெளியாள் மேனேஜராக இருந்து இப்படிச் செய்திருந்தால் மறுநாளே கணக்கை முடித்து அனுப்பியிருக்கலாம். அம்மாவை எப்படி அனுப்புவது?

இங்கேதான் மிக்கியின் காதலி சார்லீன் வருகிறாள். படம் பார்த்த என் நண்பர்களில் பாதிப் பேர் "வந்தவ குடும்பத்தப் பிரிச்சிட்டா" என்றார்கள். எந்த ஊர்க் கதையானாலும் நமக்கு இந்த வசனம் மட்டும் தயாராக இருக்கும். அவள் கேட்டது ஒரே கேள்வி: அடி வாங்குவது நீ, முடிவெடுப்பது மட்டும் ஏன் அவர்கள்?

எங்கள் பெரியப்பா மளிகைக் கடைக் கல்லாவில் மச்சானை உட்கார வைத்தார். வருஷக் கடைசியில் கணக்கு கேட்டதற்கு, "என்னையே சந்தேகப்படுறீங்களா மாமா?" என்று ஒரே அழுகை. கணக்கு கடைசி வரைக்கும் வரவில்லை. பாசத்தைக் காட்டிக் கணக்கை மூடுவது லோவெலில் மட்டும் நடக்கிற விஷயமில்லை.

ஆனால் 'வீட்டை உதறினான், ஜெயித்தான்' என்று படம் முடித்துவிடவில்லை. எனக்குப் பிடித்ததே அதுதான். டிக்கி ஜெயிலுக்குப் போன பிறகு மிக்கி புது ஆட்களோடு பயிற்சி எடுக்கிறார். அதில் ஒருவர் மிக்கி ஓ'கீஃப், லோவெல் போலீஸ்காரர். நிஜத்திலும் மிக்கிக்குப் பயிற்சி கொடுத்தவர், படத்தில் தன் வேடத்தில் தானே நடித்திருக்கிறார். எல்லாம் சரியாகப் போகிறது. ஆனால் சான்செஸ் என்ற வீரரோடு நடந்த சண்டையில் மிக்கியைக் கரையேற்றியது ஜெயிலில் அண்ணன் சொல்லிக்கொடுத்த யோசனை. உடம்பைக் கெடுத்துக்கொண்டாலும் டிக்கிக்குத் தொழில் தெரியும். இதை ஒப்புக்கொள்ள மிக்கிக்கே தொண்டை அடைக்கிறது.

அதனால்தான் அவர் எல்லோருமே வேண்டும் என்கிறார், அண்ணன், ஓ'கீஃப், சார்லீன், வீடு. முதல் தடவை பார்த்தபோது இதைக் கோழைத்தனம் என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அண்ணன் திரும்பி வருகிறார், ஆனால் பழைய அதிகாரத்தோடு அல்ல. ஓ'கீஃபோடு சேர்ந்து வேலை பார்க்கும் ஆளாக வருகிறார். அம்மா ரிங்குக்கு வெளியே உட்கார்கிறார். நானும் உன் பிள்ளைதானே என்று மிக்கி ஆலிஸிடம் வெடித்த பிறகுதான் இதெல்லாம் நடக்கிறது. ஆலிஸாக நடித்த மெலிசா லியோவுக்கு ஆஸ்கர் கிடைத்தது, டிக்கியாக வந்த கிறிஸ்டியன் பேலுக்கும். மிக்கியாக அமைதியாக நின்ற மார்க் வால்பெர்க்குக்கு நடிப்புக்கான பரிந்துரைகூட இல்லை. மிக்கிக்கு வீட்டில் கிடைத்த இடமும் அதுதானே.

2000இல் லண்டனில் ஷே நியரி என்ற வீரரை வென்று பட்டம் வாங்குவதோடு கதை முடிகிறது. பிறகு ஆர்ட்டுரோ கட்டி என்ற வீரரோடு மிக்கி மோதிய அந்த மூன்று பிரசித்தமான சண்டைகளைப் படம் காட்டவே இல்லை. கடைசியில் பெயர்கள் ஓடும்போது நிஜ அண்ணன் தம்பி இருவரும் வருகிறார்கள். அங்கேயும் பேசிக்கொண்டே இருப்பது டிக்கிதான். மிக்கி பக்கத்தில் நின்று சிரிக்கிறார்.