காரில் வந்தால் உள்ளே, நடந்து வந்தால் வெளியேவா?

‘குடியிருப்போருக்கு மட்டும்’ என்று நீச்சல் குளத்து வாசலில் பலகை தொங்குகிறது. ஒருத்தரும் மதிப்பதில்லை. தஞ்சாவூரில் மே மாதம் பிறந்தால் போதும், எங்கள் அடுக்ககத்துக்குச் சம்பந்தமே இல்லாத கூட்டம் துண்டோடு வந்து இறங்குகிறது. வீட்டுக்காரர் மச்சானைக் கூப்பிடுகிறார், மச்சான் தன் நண்பர்களைக் கூப்பிடுகிறார். கூப்பிட்ட வீட்டுக்காரரோ மேலே ஏசி போட்டுத் தூங்குகிறார்.

தட்டிக் கேட்டால், "ஆத்துல குளிச்சு வளர்ந்த ஊருங்க இது, தண்ணிக்குப் போய் வேலி போடுறீங்களே!" என்கிறார்கள். இதைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கள் ஊர்ப் புது ஆறு, அதாவது கல்லணைக் கால்வாய், ஓடுகிற தண்ணீர், எத்தனை பேர் இறங்கினாலும் அழுக்கை இழுத்துக்கொண்டு போய்விடும். அதற்குத் தண்ணீர் விடும் மேட்டூர் அணையை ஜனவரி 28-ல் மூடினால் ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். ஆறு வறண்டு கிடக்கிற அந்த நேரத்தில்தான் இத்தனை பேரும் இங்கே வருகிறார்கள். குளத்தில் இருப்பதோ மோட்டாரும் மணல் ஃபில்டரும் திரும்பத் திரும்பச் சுற்றிவிடுகிற அதே தண்ணீர். லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் குளோரினாவது அதில் நிற்க வேண்டும். கத்தரி வெயிலே நிறையத் தின்றுவிடும். மிச்சம் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து குளோரமைன் ஆகிவிடுகிறது. மூக்கில் ஏறும் நெடிக்கும், பிள்ளைகளின் கண் சிவப்பதற்கும் அதுதான் காரணம். ஆனால் திட்டு வாங்குவது, ‘குளோரினை அள்ளிக் கொட்டிட்டான்’ என்று, ஆபரேட்டர் தம்பி! சனிக்கிழமை தலை நிறைய நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு அப்படியே குதிக்கிறவர்களை என்ன சொல்ல? ஷவர் பக்கத்திலேயேதானே இருக்கிறது!

இதைவிட வயிறு எரிவது வேறொன்று. வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் பையன் ஓரமாக உட்கார்ந்து காலை நனைத்தான். ‘சட்டம் தெரியாதா’ என்று கமிட்டிக்காரர் ஒருவர் விரட்டினார். அதே ஆள், காரில் வந்த வெளியாட்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். யார் எந்தத் தண்ணீரில் இறங்கலாம் என்று ஆள் பார்த்து ஒதுக்கிய கொடுமை இந்த மண்ணில் நடந்திருக்கிறது. அதே புத்தியை அடுக்ககத்துக்குள்ளும் கொண்டுவராதீர்கள்.

வாட்ச்மேன் அண்ணன் பாடு இன்னும் மோசம். தடுத்தால் ‘நான் யார் தெரியுமா’, விட்டால் கமிட்டியின் வசவு. உயிர்காப்பாளர் கிடையாது. நீச்சல் தெரியாத பிள்ளை ஒன்று ஆழத்துக்குப் போய்விட்டால் யார் பதில் சொல்வது? எல்லாரும் அவரைத்தான் கைகாட்டுவார்கள்.

விருந்தாளியே கூடாது என்று நான் சொல்லவில்லை. லீவுக்கு வந்த பேரப்பிள்ளைகள் தாராளமாகக் குளிக்கட்டும். நோட்டில் பெயர் எழுதுங்கள், வீட்டுக்கு இரண்டு பேர் என்று வையுங்கள், கூப்பிட்டவர் கரையில் உட்காரட்டும். அப்புறம், வாடகைக்கு இருப்பவரும் மெயின்டனன்ஸ் கட்டுகிறவர்தான், அவரைப் போய் வெளியாள் என்று நிறுத்தாதீர்கள். ‘யாராக இருந்தாலும் தடுக்கலாம்’ என்று செயலாளர் கையெழுத்துப் போட்டு வாட்ச்மேன் அண்ணனிடம் கொடுக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் அந்தத் தாளைக் கேட்டு வாங்காமல் நான் எழுந்திருக்கப் போவதில்லை.