ஆயிரத்தில் பதினெட்டு

நேற்று (2025 மே 12) மாலை சிகாகோவில் அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் டிராஃப்ட் லாட்டரி உறையைப் பிரித்ததிலிருந்து என் போன் ஓயவில்லை. புது ஆட்டக்காரர்களை எந்த அணி முதலில் எடுக்கலாம் என்று குலுக்கிப் பார்க்கிற லாட்டரி அது; முதலிடம் நம் டல்லாஸ் மேவரிக்ஸுக்கு. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். இந்த வருடம் எல்லோரும் முதலில் எடுக்கத் துடிக்கிற கல்லூரி ஆட்டக்காரன் கூப்பர் ஃப்ளாக் டல்லாஸுக்கு வரப்போகிறான் என்றால் எந்த மேவரிக்ஸ் ரசிகனுக்குக் கசக்கும்? ஆனால் நம் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை. "இப்பவாவது எல்லாரும் நிக்கோகிட்ட மன்னிப்பு கேளுங்கப்பா." கீழே வரிசையாகக் கைதட்டல். பிப்ரவரியில் நம் நட்சத்திரம் லூகா டான்சிச்சை லேக்கர்ஸ் அணிக்கு விற்று நம்மிடம் திட்டு வாங்கிய மேவரிக்ஸ் மேனேஜர்தான் இந்த நிக்கோ. ஃப்ளாக் கிடைத்துவிட்டதால் அவர் செய்தது சரியாகிவிட்டதாம்.

அண்ணா, உங்கள்மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு. ஆனால் எதற்கு மன்னிப்பு?

அந்த லாட்டரியில் 14 பந்துகள். அதில் நான்கை எடுப்பார்கள். வரக்கூடிய 1001 சேர்க்கைகளில் ஒன்றை ஒதுக்கிவிட்டு, மீதி ஆயிரத்தையும் பிளே-ஆஃப் போகாத அணிகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். அதிகம் தோற்ற யூட்டா, வாஷிங்டன், சார்லட் மூன்றுக்கும் தலா 140 சேர்க்கை. நமக்கு 18. ஆயிரத்தில் பதினெட்டு. 65 மேட்ச் தோற்ற யூட்டா ஐந்தாவது இடத்துக்குத் தள்ளப்பட்டது. 39 மேட்ச் ஜெயித்துவிட்டு, பிளே-ஆஃபுக்குள் நுழையும் தகுதிச் சுற்றான பிளே-இன்னில் மெம்பிஸிடம் அடிவாங்கிய நமக்கு முதலிடம். இதை எந்த மேனேஜராவது திட்டம் போட்டுக் கொண்டுவர முடியுமா? இது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டம் என்று சொல்லி அனுபவிப்போம். திட்டம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நிக்கோ ஹாரிசன் போட்ட திட்டம் என்ன என்பது நம் எல்லோருக்கும் தெரியும். டிஃபென்ஸ்தான் கோப்பையை ஜெயித்துத் தரும் என்று அவரே சொன்னார். லூகாவுக்குப் பதிலாக வந்த ஆண்டனி டேவிஸும் ஏற்கெனவே நம்மிடம் இருந்த கைரி இர்விங்கும் சேர்ந்து இப்போதே கோப்பை வாங்குவார்கள் என்பதுதான் கணக்கு. டேவிஸ் முதல் மேட்சிலேயே 26 பாயிண்ட், 16 ரீபவுண்ட் எடுத்தார்; அதே மேட்சிலேயே காயம்பட்டு உள்ளே போனார். மார்ச் 3ஆம் தேதி கைரியின் முழங்கால் போனது. காயம் யார் கையில் இருக்கிறது என்று கேட்பீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். காயம் துரதிர்ஷ்டம் என்றால் லாட்டரி அதிர்ஷ்டம்தானே? கெட்டது நடந்தால் விதி, நல்லது நடந்தால் நிக்கோவின் மூளை என்று எழுதுவது எந்த ஊர் நியாயம்? இன்னொன்றும் இருக்கிறது. அவர் திட்டம் பலித்திருந்தால் நாம் லாட்டரிப் பக்கமே போயிருக்க மாட்டோம். அது தோற்றதால்தான் அந்தப் பதினெட்டே நமக்குக் கிடைத்தது.

லூகாவை விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. (மனசுக்குள் அப்படித்தான் நினைக்கிறேன், அது வேறு.) விற்றவிதத்தைப் பாருங்கள். போன வருடம் மிக்கல் பிரிட்ஜஸுக்காக நியூயார்க் நிக்ஸ் அணி ஐந்து முதல் சுற்று பிக் (டிராஃப்டில் ஆள் எடுக்கும் உரிமை) கொடுத்தது. பிரிட்ஜஸ் நல்ல ஆட்டக்காரர். ஆனால் லீகின் நட்சத்திரங்கள் ஆடும் ஆல்-ஸ்டார் மேட்சுக்கு ஒருமுறைகூடத் தேர்வானதில்லை. விற்றபோது லூகாவுக்கு வயது 25. லீகின் தலைசிறந்த ஐவர் பட்டியலில் தொடர்ந்து ஐந்து வருடம் இருந்தவன். 2024இல் நம்மை இறுதிப் போட்டிவரை கூட்டிப் போனவன். அவனுக்கு நாம் வாங்கியது 32ஐத் தொடப்போகும் டேவிஸ், இளம் ஆட்டக்காரர் மேக்ஸ் கிறிஸ்டி, லேக்கர்ஸின் 2029ஆம் வருட ஒரே ஒரு முதல் சுற்று பிக். லேக்கர்ஸிடம் 2031 பிக்கும் இருந்தது. அதைக்கூடப் பிடுங்கவில்லை. பழைய பைக்கை விற்கிறவன்கூட நாலு பேரிடம் விலை விசாரிப்பான் அண்ணா.

உடனே உடற்தகுதியைப் பற்றிப் பேச வருவீர்கள். எடை கூடிவிட்டான், பயிற்சியில் அக்கறையில்லை, அவனுக்குப் போய் 345 மில்லியன் டாலர் ஒப்பந்தமா என்று. அவனிடம் குறை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குறையோடுதான் அவன் 2023-24 சீசனில் மேட்சுக்குச் சராசரியாக 33.9 பாயிண்ட் எடுத்தான். அதற்குமேல் இதைப் பேச எனக்கு விருப்பமில்லை.

ஏனென்றால் இந்தப் பேச்சை நான் பள்ளிக்கூடத்திலேயே கேட்டுவிட்டேன். எங்கள் ஊர்ப் பள்ளி அணியில் ஒருவன் இருந்தான். வலையில்லாத வளையம், மணல் உதிரும் சிமெண்ட் தரை, அதில் அவன் மட்டும் பந்தைப் பார்க்காமலே தட்டிக்கொண்டு ஓடுவான். காலையில் அப்பாவின் டீக்கடையில் பால் காய்ச்சிவிட்டு வருவதால் பயிற்சிக்குத் தினமும் பத்து நிமிடம் தாமதம். மண்டலப் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது பி.டி. சார் அவனை எடுத்துவிட்டார். ஒழுக்கம்தான் முக்கியம் என்றார். போட்டி அன்று எதிரணியின் வயதுச் சான்றிதழில் ஏதோ குளறுபடி, எங்களுக்கு வாக்-ஓவர் கொடுத்துவிட்டார்கள். ஒரு பந்துகூடப் போடாமல் ஜெயித்தோம். சார் எங்களை வரிசையாக நிறுத்தி, "பாத்தீங்களாடா, என் முடிவு சரியா தப்பா?" என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து "சரி சார்" என்றோம். நானும் சொன்னேன். அவன் சைக்கிளைப் பிடித்தபடி கம்பிவேலிக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அடுத்த சுற்றில் முப்பது பாயிண்ட் வித்தியாசத்தில் தோற்றோம். அவன் அதற்குப் பிறகு பந்தைத் தொட்டு நான் பார்க்கவில்லை.

அன்று சொன்ன அந்த "சரி சார்" இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் இப்போது சொல்ல வரமாட்டேன் என்கிறேன்.

லீகே லேக்கர்ஸுக்கு லூகாவைக் கொடுக்கவைத்து, பதிலுக்கு ஃப்ளாக்கை நமக்குத் தந்துவிட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். பத்திரிகையாளர்களும் அணிப் பிரதிநிதிகளும் உட்கார்ந்திருக்கும் அறையில் பந்தை எடுக்கிறார்கள். விடுங்கள்.

எனக்குக் கவலை வேறு. நேற்று ராத்திரியே "ஃப்ளாக் பிக்கைக் கொடுத்து மில்வாக்கியின் நட்சத்திரம் யான்னிஸை வாங்கலாம்" என்று ஆரம்பித்துவிட்டார்கள். நம் கையிருப்பைக் கொஞ்சம் பாருங்கள். 2027 பிக், முதல் இரண்டு இடத்துக்குள் வராவிட்டால் சார்லட்டுக்கு. 2028இல் ஓக்லஹோமாவும் 2030இல் சான் அன்டோனியோவும் தங்கள் பிக்கைத் தந்துவிட்டு நம்முடையதை எடுத்துக்கொள்ளலாம். 2029இல் நம்முடைய சொந்தப் பிக்கும் நம் கையில் இல்லை. ஜேலன் பிரன்சன் என்ற நல்ல ஆட்டக்காரனை 2022இல் பதிலுக்கு எதுவும் வாங்காமல் விட்டோம். இவ்வளவு காலியான வீட்டில் வந்து விழுந்த ஒரு 18 வயதுப் பையனையும் கொடுக்க வேண்டுமா? டிர்க் நோவிட்ஸ்கியை 1998இல் மில்வாக்கியிடமிருந்து வாங்கி, ஆரம்பத்தில் தடுமாறியபோதும் பொறுத்திருந்தோம். 21 வருடம் இதே ஊரில் ஆடினான், 2011இல் கோப்பை வந்தது. பொறுமை நமக்குத் தெரியாத விஷயமில்லை.

என் மகனுக்கு ஒன்பது வயது. லூகாவை விற்ற செய்தி வந்த பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை காலையில் லூகாவின் 77 எண் போட்ட நீல பனியனோடு எழுந்து வந்தான். தூங்கும்போதும் அதைத்தான் போட்டிருப்பான். அவனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நானும் மனைவியும் தோசைக்கல் முன்னால் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். ஏப்ரல் 9 அன்று லூகா லேக்கர்ஸ் சட்டையில் இங்கே வந்தான். ஒவ்வொரு இருக்கையிலும் ஸ்லோவேனிய மொழியில் நன்றி அச்சடித்த டி-ஷர்ட். அவனுக்கு நன்றி சொல்லும் வீடியோ ஓடும்போது பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அப்புறம் எழுந்து போய் 45 பாயிண்ட் எடுத்தான். என் மகன் டிவிக்கு ரொம்பப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, திரும்பியே பார்க்கவில்லை. அவன் அழுவதை நாங்கள் பார்க்கக்கூடாது என்று நினைத்திருக்கிறான்.

இந்தப் பையனையும் நிக்கோவிடம் மன்னிப்பு கேட்கச் சொல்வீர்களா அண்ணா?

ஜூன் 25 டிராஃப்ட் அன்று வீட்டுக்கு வாருங்கள். அண்ணியையும் பிள்ளைகளையும் கூட்டிவாருங்கள், பிரியாணி செய்கிறோம். ஃப்ளாக் பெயரைக் கூப்பிடும்போது உங்களைவிட நான் சத்தமாகக் கத்துவேன். ஆனால் நிக்கோ பெயரை எடுத்தீர்கள் என்றால் நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன்.