பூனைக்கு முதலில், அத்தைக்கு அப்புறம்

சிங்கப்பூரின் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் பூனை வளர்க்க 2024 செப்டம்பரில் அனுமதி வந்ததும் மகள் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். போன வாரம் அதற்குப் பிடரியில் புழு மருந்து விட்டார்கள். சில சொட்டு, வேலை முடிந்தது. பில்லைக் கட்டும்போது ஏனோ கும்பகோணத்து அத்தை நினைவுக்கு வந்தார்.

அத்தைக்கு யானைக்கால். புடவையை எப்போதும் தரையைத் தொடும்படி தழையக் கட்டுவார். பள்ளி விடுமுறைக்கு அங்கே போனால், ராத்திரி பத்து மணிக்கு மேல் கதவைத் தட்டி விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். தூக்கம் கெட்ட எரிச்சலில் காரணம் கேட்கவில்லை. யானைக்காலை உண்டாக்கும் புழுவின் குஞ்சுகள், கொசு கடிக்கும் நேரம் பார்த்து, இரவில்தான் ரத்தத்துக்கு வருமாம்.

அப்போது கொடுத்த டிஇசி மாத்திரை 1947 முதல் புழக்கத்தில் இருக்கிறது. இன்றும் அதைத்தான் கொடுக்கிறார்கள். குஞ்சுகளை அழிக்கும், நிணநீர்க் குழாயில் கிடக்கும் தாய்ப்புழுவை முழுதாக ஒழிக்காது. அது ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால் ஊருக்கே வருஷாவருஷம் மாத்திரை. (வீங்கிய காலை எந்த மாத்திரையும் பழையபடி ஆக்காது, அது வேறு.)

டிஇசியோடு கூடச் சேர்க்கும் ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து, ஜப்பானிய மண்ணில் சதோஷி ஓமுரா கண்டெடுத்த நுண்ணுயிரிலிருந்து வந்தது. 2015இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் 1981இல் அது முதலில் போனது ஆடுமாடுகளுக்கு, மனிதனுக்கு 1987இல்தான். இப்போது இன்னொரு புழுவால் வரும் ஆற்றுக் குருட்டு நோய்க்குச் சோதித்துவரும் எமோடெப்சைடும் பூனைகளின் புழு மருந்தாக வந்ததுதான். பண்ணைக்காரரும் என்னைப் போன்ற பூனைக்காரரும் காசு கொடுப்போம். அத்தை கொடுக்க முடியாது. அவ்வளவுதான் கணக்கு.

"இலவசமாகத்தானே தருகிறார்கள்" என்பீர்கள். தருகிறார்கள், நல்ல காரியம். ஆனால் இருக்கும் மருந்தைத்தானே தர முடியும்? இத்தனைக்கும் எங்கே அடிக்க வேண்டும் என்பது தெரியும். யானைக்கால் புழுவுக்குள் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. அதைக் கொன்றால் தாய்ப்புழு மலடாகி மெல்லச் சாகும். டாக்ஸிசைக்ளின் அதைச் செய்கிறது, ஆனால் நான்கு முதல் ஆறு வாரம் தினமும் விழுங்க வேண்டும். கர்ப்பிணிக்கும் சிறுபிள்ளைக்கும் கொடுக்க மாட்டார்கள். ஒரே வாரத்தில் முடிகிற, அவர்களுக்கும் ஆகிற புதிய சேர்மம்தான் வேண்டும்.

நம் சிங்கப்பூரின் பயோபோலிஸ் ஆய்வு வளாகத்தில் நோவார்ட்டிஸ் மருந்து நிறுவனத்தின் வெப்பமண்டல நோய் ஆய்வுக்கூடம் இருந்தது. மலேரியாவுக்கான சிபார்காமின் அங்கே பிறந்ததுதான். 2016இல் கலிஃபோர்னியாவுக்கு மாற்றுவதாக அறிவித்தார்கள். பஸ் சேவை ஒன்று மாறினால்கூட இங்கே எத்தனை புகார்! இதற்கு என் வட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை, நானும்தான்.

நிறுவனத்தைக் குறை சொல்ல வரவில்லை. லாபம் இல்லாத இடத்தில் கம்பெனி எத்தனை நாள் நிற்கும்? அரசு ஆய்வு நிதியில் ஒரு பங்கை இந்தப் புழுவுக்கென்றே ஒதுக்கலாம். வேதியியலாளர்கள் இங்கேயே இருக்கிறார்கள், வேறு ஆய்வுக்கூடங்களும் இருக்கின்றன.