சாணியடிக்கு எதற்கு மருத்துவச் சான்றிதழ்?

தீபாவளி முடிந்து மூன்றாம் நாள் ஆனால் போதும், தாளவாடி பக்கத்துக் கும்டாபுரத்தின் சாணியடித் திருவிழா வீடியோக்கள் வரிசை கட்டிவிடும். சட்டையில்லாத ஆண்கள் சாணி உருண்டையை மாறி மாறி வீசிக்கொள்வார்கள். கீழே கமென்ட்டில் இரண்டு கட்சி. ஒன்று 'அய்யே' என்று மூக்கைப் பிடிக்கும். இன்னொன்று, பசுஞ்சாணம் கிருமிநாசினி, முன்னோர் என்ன முட்டாள்களா என்று கிளம்பும். எனக்கு எரிச்சல் இரண்டாவது கட்சி மேல்தான்.

சாணி பட்டால் நோய் தீரும் என்று அந்த ஊர்க்காரர்கள் நம்புகிறார்கள். அது அவர்களுக்கும் சாமிக்கும் உள்ள கணக்கு. அதை விஞ்ஞானமாக்கி நமக்கு விற்பது வேறு. சிராய்ப்பில் சாணி பட்டால் டெட்டனஸ் வரலாம் என்பதுதான் மருத்துவம் சொல்வது.

அந்த மக்களிடம் இதைவிட நல்ல காரணமே இருக்கிறது. ஈரோடு மாவட்டத்தின் கர்நாடக எல்லையில், கன்னடம் புழங்கும் ஊர் அது. சாணிக் குழியில் புதைந்து கிடந்த லிங்கத்தின் மேல் மாட்டுவண்டிச் சக்கரம் ஏற, ரத்தம் பீறிட்டதாம். அப்படி வெளிப்பட்டவர்தான் பீரேஸ்வரர் என்பது கதை. சாமியே சாணியில் கிடந்தவர் என்றால் அப்புறம் என்ன கூச்சம்? மாடு வைத்திருக்கும் வீடுகளிலிருந்து சாணி டிராக்டரில் வந்து கோயில் பக்கம் குவியும். பூசாரி பூஜை போட்ட பிறகுதான் அடி. பெண்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள்.

நான் ரசிப்பது அதற்கு முன்னால் நடப்பதை. கோள்மூட்டி வேடம் போட்ட ஒருவருக்குப் புல்லால் மீசை, தாடி வைத்துக் கழுதை மேல் ஏற்றி ஊர்வலம் விடுவார்கள். விழா முடிவில் அந்தக் கோள்மூட்டியின் உருவபொம்மையைக் கொளுத்துவார்கள். அண்டை வீட்டுக்காரனை முகத்துக்கு நேரே சாணியால் அடிக்கலாம், அவனைப் பற்றி முதுகுக்குப் பின்னால் பேசுகிறவனுக்குத்தான் கழுதை! என்ன ஒரு நியாயம்.

சில சேனல்கள் இதை ஸ்பெயினின் தக்காளித் திருவிழாவோடு ஒப்பிடுகின்றன. 1940-களில் புன்யோல் ஊரில் இளைஞர்களின் கைகலப்பில் தொடங்கியது அது. 2013 முதல் டிக்கெட் வைத்துவிட்டார்கள். இங்கே டிக்கெட் கிடையாது. அடித்து முடிந்த சாணியும் வீண் போகாது, விவசாயிகள் அள்ளிக்கொண்டு போய் வயலில் போடுகிறார்கள்.

அடுத்த தீபாவளிக்கு அந்தப் பக்கம் போகிறவர்கள், திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் கணக்கில் வைத்துக் காலையிலேயே கிளம்புங்கள். லேட்டாகப் போனால் சாணிதான் கிடைக்கும், கழுதை போயிருக்கும்.