உயரம் பார்த்துத்தான் ஆசைப்பட வேண்டுமா?

பிலிப்பைன்ஸ்காரர்களின் கூடைப்பந்து மோகம் பற்றி நேற்று நடந்த விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்ல வருகிறேன் என்பது புரியும்; பார்க்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். "ஐந்தரை அடிகூட இல்லாதவர்கள் பத்தடி உயர வளையத்தின் கீழே நின்று என்ன சாதிக்கப் போகிறார்கள்? பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு யாராவது எடுத்துச் சொல்லக் கூடாதா?" என்று அதில் பேசிய நிபுணர் ஒருவர் கேட்டார். உடனிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தங்கள் சராசரி ஆணின் உயரம் ஐந்தரை அடிக்கும் குறைவு என்பது, பாவம், அந்த மக்களுக்கு இவர் சொல்லித்தான் தெரிய வேண்டும் போலிருக்கிறது. அமெரிக்க ஆட்சிக் காலத்தில் பள்ளிக்கூடங்கள் வழியாகவும் ஒய்.எம்.சி.ஏ. வழியாகவும் அங்கே நுழைந்த கூடைப்பந்து, அமெரிக்கர்கள் வெளியேறிய பிறகும் அந்த மண்ணை விட்டுப் போகவில்லை. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஐந்தாம் இடம், 1954 உலகப் போட்டியில் வெண்கலம், 1975இல் ஆசியாவின் முதல் தொழில்முறைக் கூடைப்பந்து லீக் என்று ஒரு வரலாறே இருக்கிறது. பிற்பாடு உலக ஆட்டத்தில் உயரமும் உடற்கட்டும் கூடிக்கொண்டே போக, அவர்கள் பின்தங்கினார்கள் என்பது உண்மைதான். ஆனால் பின்தங்கியவுடன் கைவிடுவதற்கு அது என்ன நட்டத்தில் ஓடும் கடையா?

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: ஒரு மக்கள் கூட்டம் ஒரு விளையாட்டை நேசிப்பது பதக்கக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு அல்ல. பிலிப்பைன்ஸில் ஒரு பலகையும் ஒரு வளையமும் தென்னை மரத்திலோ மின்கம்பத்திலோ ஏறிவிட்டால் அங்கே ஆடுகளம் பிறந்துவிடுகிறது. புல்தரை வேண்டாம், மட்டை வேண்டாம், காலணிகூட வேண்டாம். ரப்பர் செருப்போடு ஆடுகிறார்கள், செருப்பு அறுந்தால் வெறுங்காலோடு தொடர்கிறார்கள். குறுகிய சந்தில் வண்டி வந்தால் ஆட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிடுகிறது, வண்டி போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறது. புயல் வந்தால் கூரை போட்ட அதே களத்தில்தான் வீடிழந்தவர்கள் படுத்துக்கொள்கிறார்கள். இத்தனைக்கும் நடுவே வளர்ந்த ஒரு சிறுவனிடம் போய், "உன் எலும்புக்கு இது ஒத்துவராது, தம்பி" என்று சொல்வதற்குப் பெயர் அறிவுரையா?

இது எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்று கேட்பீர்கள். பள்ளியில் கூடைப்பந்து அணித் தேர்வுக்கு வரிசையில் நின்றபோது, உடற்கல்வி ஆசிரியர் என் தலைக்கு மேல் தம் கையை வைத்து, அதை அப்படியே தம் நெஞ்சுக்கு நேராகக் கொண்டுபோய்க் காட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. வரிசையே சிரித்தது. பந்து என் கையில் ஒருமுறைகூடக் கொடுக்கப்படவில்லை என்பதை அப்போது யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. நேற்று கேட்டதும் அதே சிரிப்புதான்.

"உணர்ச்சிவசப்படாதே, பொருந்தும் விளையாட்டுகளுக்குப் போக வேண்டிய பணம் பாழாகிறதே" என்பார்கள். இதில் நியாயம் இருக்கிறது. அந்த நாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கத்தைப் பளுதூக்குதலில் வென்ற ஹிடிலின் டியாஸ், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு சமூக ஊடகத்தில் வெளிப்படையாக நிதியுதவி கேட்க வேண்டியிருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் மலேசியாவில் சிக்கிக்கொண்டபோது மூங்கில் கழியில் தண்ணீர்க் குடுவைகளைக் கட்டித் தூக்கிப் பயிற்சி செய்தார். வெட்கக்கேடுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வெட்கம் பணப்பெட்டியின் சாவியை வைத்திருப்பவர்களுக்கு உரியது. செருப்புக்காலோடு பந்து தட்டும் பையனுக்கு அதில் என்ன பங்கு?

"ஜெயிக்கவே மாட்டார்கள்" என்பவர்களுக்குப் பதில் சொல்லவே அலுப்பாக இருக்கிறது. 2023இல் ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் 61 ஆண்டுகளுக்குப் பிறகு கூடைப்பந்துத் தங்கம் வென்றார்கள். 2024இல் ஐரோப்பிய அணியான லாத்வியாவை அதன் சொந்த மண்ணிலேயே வீழ்த்தினார்கள். சரி, இவை எதுவும் நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். 2023 கூடைப்பந்து உலகக் கோப்பையின் முதல் நாள் தங்கள் அணியைப் பார்க்க 38,115 பேர் திரண்டார்களே, கோப்பை தங்களுக்குத்தான் என்று நம்பியா வந்தார்கள்? தோற்கும் அணியை நேசிக்க யாரிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்? எடை குறைந்தவர்களே குதிரை ஓட்டும் பந்தயத்தை உயரமானவர்கள் ரசித்தால் யாரும் அவர்கள் எடையைக் கேட்பதில்லை. குட்டையானவன் ஆசைப்பட்டால் மட்டும் எல்லோர் கையிலும் அளவு நாடா முளைத்துவிடுகிறது.

பொருத்தம், பொருத்தம் என்று ஜாதகம் பார்ப்பவரைப் போலப் பேசிய அந்த நிபுணருக்கு ஒரு வேலை தருகிறேன். குத்துச்சண்டையில் எட்டு எடைப்பிரிவுகளில் உலகப் பட்டம் வென்றவர் பிலிப்பைன்ஸின் மானி பாக்கியாவ். தம் உடம்புக்குப் பொருந்திய விளையாட்டில் அவரைவிட உச்சம் தொட்டவர்கள் எத்தனை பேர்? அவர்தான் 2014இல், 35 வயதில், தம் ஐந்தரை அடி உயரத்தோடு அந்நாட்டின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கில் ஆட்டக்காரராக இறங்கினார். எடுத்துச் சொல்ல வேண்டியதை அவரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் ஐயா. கொஞ்சம் தள்ளி நின்றே சொல்லுங்கள்.