கைகாட்டியைக் கடப்பது எப்படி?

எங்கள் ஊருக்குப் பிரியும் இடத்துக்குக் கைகாட்டி என்று பெயர். டெல்டாவில் திரும்பிய பக்கமெல்லாம் ஒரு கைகாட்டி இருக்கும், அதனால் எந்த ஊர் என்று தேட வேண்டாம். திருச்சியிலிருந்து நாகப்பட்டினம் போகும் 83-ஆம் எண் சாலையோ, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் வரும் 36-ஆம் எண் சாலையோ, படிக்கிறவர்கள் அவரவர் கைகாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பு அங்கே மூன்று திசைக்கு மூன்று பலகை நீட்டிய ஒரு கம்பமும், ஒரு புளியமரமும், டீக்கடையும் இருந்தன. இப்போது நான்குவழிச் சாலை இருக்கிறது. கம்பமும் மரமும் போய்விட்டன. டீக்கடை மட்டும் சர்வீஸ் ரோட்டுக்கு நகர்ந்து உயிரோடு இருக்கிறது.

நேற்று காலை 8:40-க்கு அங்கே போய் நின்றேன். எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தபோது மணி 8:52. கடந்த தூரம் முப்பது மீட்டர்கூட இருக்காது. எனக்கு முன்னால் குறுவை அறுத்த வைக்கோலை ஏற்றிய டிராக்டர், பின்னால் பள்ளிக்கூட வேன், பக்கத்தில் எக்ஸ்எல்லில் உர மூட்டையோடு ஒரு அண்ணன். வேன்காரர் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். யாரைப் பார்த்து அடிக்கிறார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அந்த டிராக்டர் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். அங்கே சென்டர் மீடியனில் ஒரு திறப்பு விட்டிருக்கிறார்கள். மீடியன் அகலம் காலடியால் அளந்தால் ஐந்து மீட்டருக்குள் அடங்கிவிடும். கார் வந்தால் அதற்குள் நின்று மூச்சு விட்டுக்கொண்டு மறுபாதியைக் கடக்கலாம். டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்தால் எட்டு மீட்டர். நடுவில் நின்றால் முகம் ஒரு சாலையில், வால் இன்னொரு சாலையில். அதனால் டிராக்டர்காரர் பாதியில் நிற்க முடியாது, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் காலியாகும்வரை காத்திருக்க வேண்டும். பாரம் ஏற்றிய டிராக்டர் நின்ற இடத்திலிருந்து கிளம்பி ஒரு பக்கத்து இரண்டு தடங்களை மட்டும் தாண்டவே பத்து வினாடி ஆகிவிடும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அந்தப் பத்து வினாடியில் 220 மீட்டர் வந்துவிடும். அப்படியென்றால் டிராக்டர்காரர் கண்ணுக்கு 220 மீட்டர் தூரமாவது தெளிவாகத் தெரிய வேண்டும் இல்லையா?

தெரியாது. மேற்கே வெண்ணாற்றுப் பாலம் மாதிரி ஒரு பாலம் இருக்கிறது (எங்கள் பக்கம் ஆறில்லாமல் நாலு கிலோமீட்டர் ஓடும் சாலை ஏது?). பாலம் மேடு, அதிலிருந்து இறங்கும் சரிவில்தான் இந்தப் பிரிவு. பாலத்தின் முதுகில் ஏறும் கார் நமக்குத் தெரியாது, அவருக்கும் நம்மைத் தெரியாது. உச்சிக்கு வந்து பார்க்கும்போது டிராக்டர் குறுக்கே நிற்கிறது, காருக்குச் சரிவு வேறு. சாலை எப்படிப் போட வேண்டும் என்று விதி எழுதும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் சொந்தக் கணக்கே 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஆபத்தைப் பார்த்து நிற்க 120 மீட்டர் வேண்டும், 100 கிலோமீட்டர் என்றால் 180 மீட்டர் வேண்டும் என்கிறது. அது நிற்கத் தேவையான தூரம்தான். கடக்கிறவன் கணக்கு அதைவிடப் பெரியது, அதைத்தான் மேலே போட்டேன். இதற்கு மேல் பேருந்து நிறுத்தம் பிரிவின் வாயிலேயே. டவுன் பஸ் வந்து நின்றால் கிழக்கே ஒன்றுமே தெரியாது, பஸ்ஸின் பின்கண்ணாடி விளம்பரத்தைப் படித்துக்கொண்டு நிற்கலாம்.

"ஜனங்களுக்கு ஒழுங்கு இல்லை, எல்லாம் ராங் ரூட்டில் வருகிறார்கள்" என்பதுதான் இதற்கு வழக்கமான பதில். நானும் சொன்னவன்தான், இதே முகநூலில் இரண்டு வருடத்துக்கு முன் எழுதியும் இருக்கிறேன், போய்த் தேடாதீர்கள். அந்த ராங் ரூட் எங்கே பிறக்கிறது என்று ஒருநாள் சர்வீஸ் ரோட்டிலேயே நடந்து பார்த்தேன். பிரிவிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு பாசன வாய்க்கால் குறுக்கே வருகிறது. மெயின் ரோட்டுக்கு அங்கே அகலமாகப் பாலம் கட்டியிருக்கிறார்கள். சர்வீஸ் ரோட்டுக்குப் பாலம் இல்லை! ரோடு வாய்க்கால் கரையில் வந்து நிற்கிறது, நாலு மண்மூட்டை, ஒரு சிவப்புத் துணி. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மறுபடி சர்வீஸ் ரோடு ஆரம்பம். இந்தப் பக்கத்துக்காரர் அந்தப் பக்கத்து நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போக வேண்டுமானால் மெயின் ரோட்டில் ஏறியே ஆக வேண்டும். சாலை போகிற திசையிலேயே ஏறினால், அடுத்த யூ டர்ன் இரண்டரை கிலோமீட்டர் தள்ளி, போக வர ஐந்து. எதிர்த்திசையில் போனால் இருநூறு மீட்டர். எக்ஸ்எல்லில் உர மூட்டை வைத்திருப்பவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? ராங் ரூட் அவர் போட்டதில்லை. வரைபடத்திலேயே போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து, புது ஆற்றில் ஷட்டர் ஏற்றி இறக்கியே ஓய்வு பெற்றவர். கல்லணைக் கால்வாய் என்று பேப்பரில் போடுவதைத்தான் எங்கள் ஊரில் புது ஆறு என்போம், 1934-இல் தண்ணீர் விட்டது, இன்னும் புதுசுதான். அவர் கேட்டார்: "ஏன்டா, காட்டாறு வந்து புது ஆத்துல நேரா விழுமா?" விழாது. கால்வாய் மேலே போகும், காட்டாற்றுத் தண்ணீர் கீழ்க்குமிழி வழியாக அடியில் புகுந்து அந்தப் பக்கம் போய்விடும். "தண்ணிக்கே ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு வழி பண்ணிட்டுத்தான் வெட்டினான். மனுசனுக்கு மட்டும் வெட்டிட்டு அப்புறம் யோசிக்கிறானா?" என்றார். நான்கு சாலை ஒரே மட்டத்தில் கூடினால் வண்டிகள் ஒன்றையொன்று உரசக்கூடிய புள்ளிகள் 32 என்று போக்குவரத்துப் பொறியியல் பாடத்தில் படம் போட்டிருக்கும். மூன்று சாலை என்றால் 9. பெரியப்பா அந்தப் படத்தைப் பார்த்ததில்லை.

உடனே "மேம்பாலம் வேண்டும்" என்று கிளம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் மண்ணில் மண்ணைக் கொட்டிக் கரை எழுப்பிக் கட்டும் மேம்பாலம் இன்னொரு தொல்லை. தட்டையான பூமி, ஐப்பசி கார்த்திகையில் வயல் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்பது ஒரு சாண் உயரத்தில் முடிவாகிற சமாசாரம். குறுக்கே ஒரு கரையைப் போட்டால் மேற்கே சம்பா மூழ்கும். தூண் வைத்துக் கட்டினால் சரி. சுரங்கப்பாதை வேண்டாம் என்று அடித்துச் சொல்வேன். பக்கத்து ஊரில் ஒன்று இருக்கிறது, மழைக்காலத்தில் அது குளம். தண்ணீர் இல்லாத மாதத்திலும் அறுவடை இயந்திரம் உள்ளே நுழையாது, உயரம் போதாது. கார் உயரத்தை நினைத்துத் தோண்டியிருக்கிறார்கள் போல.

பிரிவில் இப்போது இருக்கும் ஒரே ஏற்பாடு காவல்துறை வைத்த இரும்புத் தடுப்புகள். வேகத்தைக் குறைக்க வளைத்து வளைத்து வைத்திருக்கிறார்கள். பகலில் ஓரளவு உதவி. ராத்திரியில் விளக்கு இல்லாமல் அதுவே எமன். ஆகஸ்ட் 29-இல் வேளாங்கண்ணிக் கொடி ஏறும்போது காவி உடுத்தி நடந்து வருகிறவர்கள் பெரும்பாலும் வெயிலுக்குப் பயந்து இரவில்தான் நடப்பார்கள். இந்த வருடமும் தடுப்புக்கும் லாரிக்கும் இடையில் அவர்கள் ஒதுங்க இடம் இல்லாமல் தடுமாறியதைப் பார்த்தேன். நடக்கிறவனுக்கு அந்தச் சந்திப்பில் ஓர் அடி அகலத்துக்குக்கூட இடம் ஒதுக்கவில்லை.

பலருக்குத் தெரியாத ஒன்று: 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 198ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். சாலையின் வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பில் விதிமுறையைப் பின்பற்றாமல் அதனால் உயிர் போனாலோ உறுப்பு போனாலோ, பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஒரு உயிருக்கு ஒரு லட்சம் என்பது கொடுமை, ஆனால் வரைந்தவனும் குற்றவாளியாகலாம் என்று சட்டம் ஒப்புக்கொண்டதே பெரிசு. எங்கள் கைகாட்டியில் விபத்து நடந்தால் "அதிவேகம், கவனக்குறைவு" என்று டிரைவர் மேல் வழக்கு எழுதுவதைத்தான் இதுவரை பார்த்திருக்கிறேன். பாலத்தின் முதுகு மேல் யாரும் வழக்கு எழுதவில்லை.

நான் கேட்பது கோடிக்கணக்கில் இல்லை. முதலில் வாய்க்கால் மேல் சர்வீஸ் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் சிறு பாலம். அது வந்தாலே பாதிக் கூட்டம் மெயின் ரோட்டில் ஏறாது. அப்புறம் பேருந்து நிறுத்தத்தைப் பிரிவைத் தாண்டித் தள்ளி வைக்க வேண்டும், வலது பக்கம் திரும்புகிற வண்டி ஒதுங்கி நிற்கத் தனித் தடம் வேண்டும், உயர்கோபுர விளக்கு வேண்டும். இதையெல்லாம் செய்யாமல் மீடியன் திறப்பை மட்டும் கல் வைத்து அடைத்துவிட்டு "பிரச்சினை தீர்ந்தது" என்று சொல்வார்களோ என்பதுதான் என் பயம். நாலு ஊரில் அப்படித்தான் செய்தார்கள், ஒரு மாதத்தில் கல்லை நகர்த்தி வழி விட்டுக்கொண்டார்கள்.

அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறோம். பெரியப்பா காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் ஒரு படம் போட்டிருக்கிறார், மனுவோடு அதையும் இணைக்கப் போகிறேன். கூட்டம் காலை 11 மணிக்கு. கிழக்குப் பக்கம் இருப்பவர்கள் 10:30-க்கே கிளம்பிவிடுங்கள், கைகாட்டியைக் கடந்து வர வேண்டும்.