செவலையைக் கூண்டுக்கு வெளியே வந்து பாருங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் நாய்க் காப்பகத்துக்கு, நாய் ஒன்றைத் தத்தெடுக்க, ஓசூரிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்தது. கணவன், மனைவி, பத்து வயதில் ஒரு பெண் குழந்தை. போட்டோ பார்த்துப் பிடித்துப்போய் வந்தவர்கள்தான். நேராகச் செவலை என்ற பெட்டை நாயின் கூண்டுக்கு முன்னால் போய் நின்றார்கள். புது ஆட்களைப் பார்த்ததும் ஷெட்டில் இருக்கும் முப்பது நாய்களும் ஒரே நேரத்தில் குரைக்க ஆரம்பித்தன, செவலையும் குரைத்தாள், அப்புறம் அந்த ஆறடிக்கு நாலடி இடத்துக்குள் சுற்ற ஆரம்பித்துவிட்டாள், எப்போதும் போல இடது பக்கமாகவே, நிற்காமல். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. "கொஞ்சம் ஒரு மாதிரி இருக்குங்க, பாப்பா இருக்கிற வீடு" என்று அந்த அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். கிளம்பிவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, குழந்தை இருக்கும் வீட்டில் யோசிக்கத்தான் செய்வார்கள். ஆனால் அவர்கள் பார்த்தது செவலையை இல்லை என்பதை எப்படிச் சொல்வது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. அதை இப்போது சொல்கிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

கிருஷ்ணகிரிக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் நடுவில் ஒரு மாந்தோப்பை ஒட்டி இருக்கிறது அந்தக் காப்பகம். பெயர் போடவில்லை. போட்டால் ராத்திரியோடு ராத்திரியாகக் குட்டிகளை அட்டைப்பெட்டியில் வைத்து கேட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள், மூன்று முறை நடந்துவிட்டது. நான் அங்கே வாரம் ஒரு நாள் போய்க் கூண்டு கழுவுவேன், மருந்து கொடுப்பேன், நடக்கக் கூட்டிப் போவேன். மற்ற ஆறு நாளும் பார்த்துக்கொள்வது ஒரே ஒரு அக்கா.

செவலை வந்தது போன ஆடியில். பெங்களூர் ஹைவேயில், சர்வீஸ் ரோட்டோரம் ஒரு டீக்கடையில் பன்னும் பொறையும் தின்று வளர்ந்தவள். கடைக்காரர்தான் போன் பண்ணினார், "ரெண்டு நாளா எழுந்திரிக்கவே இல்ல தம்பி, மூக்குல ரத்தம் வருது" என்று. போய்ப் பார்த்தபோது ஒரு சாக்கின் மேல் கிடந்தாள். தூக்க நான் கையை அடியில் கொடுத்ததும் திரும்பி ஒரு கவ்வு கவ்வினாள், மணிக்கட்டில் இரண்டு பல் பதிந்துவிட்டது. அங்கேயே கடைக் குழாயில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவினேன். ஏற்கெனவே வெறிநாய்க்கடிக்கான முன்தடுப்பு ஊசி போட்டிருந்ததால் எனக்கு இரண்டு ஊசியோடு முடிந்தது. (நாய்களோடு பழகும் நண்பர்கள் எல்லோரும் தயவுசெய்து இந்த ஊசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள்.) அன்றைக்கே அவள் கூண்டில் ஒட்டும் சீட்டில் யாரோ சிவப்பு மையில் 'கடிக்கும்' என்று எழுதினார்கள். ஒரே ஒரு வார்த்தை. ஏழு மாதமாக அது அவளை விடவில்லை.

அவள் ஏன் கவ்வினாள் என்பது மூன்றாவது நாள் ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. டிக் ஃபீவர். எர்லிக்கியா என்ற கிருமி, உண்ணி கடித்து உடம்புக்குள் போவது. நல்ல உடம்போடு இருக்கும் நாய்க்கு, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் எண்ணிக்கை ஏறத்தாழ 2 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும், இவளுக்கு 38 ஆயிரம். ஈறைத் தூக்கிப் பார்த்தால் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய இடம் துவைத்த வேட்டி மாதிரி வெளுத்துக் கிடந்தது. காய்ச்சல் 104. இந்தக் காய்ச்சல் சில நாய்களுக்கு மூட்டுகளையும் பிடித்துக்கொள்ளும், தொட்டாலே வலிக்கும் என்று டாக்டர் சொன்னார். பின்னங்காலை அவர் லேசாக மடக்கியபோது அவள் போட்ட சத்தத்தைக் கேட்டவர்கள் யாரும் 'கடிக்கும்' என்று எழுதியிருக்க மாட்டார்கள். உங்கள் வீட்டில் முட்டிவலியோடு படுத்திருக்கும் பாட்டியை யாராவது திடீரென்று இடுப்பில் கைகொடுத்துத் தூக்கினால் அவர் என்ன செய்வாரோ அதைத்தான் இவளும் செய்தாள், இவளுக்கு இருந்தது வாய் மட்டும்தான்.

டாக்சிசைக்ளின் மாத்திரை, 28 நாள். இதில் பெரிய சிக்கல், வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுத்துவிடும், காய்ச்சலில் இருக்கும் நாயோ சாப்பிடாது. பை பையாக வரும் நாய் உணவை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அக்காதான் ஒருநாள் வீட்டிலிருந்து ராகிக் களி கொஞ்சம் கொண்டுவந்து, கோழிக்கால் வேகவைத்த தண்ணீரில் கரைத்து, விரலால் எடுத்து அவள் கடைவாயில் தடவிவிட்டார். நக்கினாள். இன்னொரு விரல். அப்புறம் தலையைத் தூக்கிக் கிண்ணத்தைத் தேடினாள். அன்றிலிருந்து முதலில் களி, பிறகு ஈரல் துண்டுக்குள் மாத்திரை. ஆறாவது நாள் எழுந்து நின்றாள். வரும்போது 11 கிலோ, இப்போது 16.

உண்ணியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், இது வீட்டில் நாய் வைத்திருப்பவர்களுக்கும்தான். நாயின் உடம்பில் கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம்தான். ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே இறங்கிச் சுவர் விரிசலில் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டுச் சுவரை விட்டுவிட்டால் அடுத்த மாதம் மறுபடியும் அதே கதை. நாங்கள் ஷெட்டுச் சுவரின் விரிசல் முழுக்கச் சிமெண்ட் பூசினோம், இரண்டு ஞாயிறு ஆனது. நசுக்கிக் கொல்லவும் கூடாது, இடுக்கியால் தலையோடு பிடித்து இழுத்து ஸ்பிரிட்டில் போட வேண்டும்.

சரி, உடம்பு தேறிவிட்டது. கருத்தடை ஆனது, வெறிநாய்த் தடுப்பூசி ஆனது, கருத்தடை ஆனதற்குக் காதில் வெட்டு அடையாளமும் போட்டாயிற்று. 2023ஆம் ஆண்டின் விலங்கு பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள்படி, தெருநாயைக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட வேண்டும். ஆனால் அதற்குள் அந்த டீக்கடையே அங்கே இல்லை. அவளுக்குத் தெரிந்த ஒரே மனிதர் போய்விட்ட இடத்தில், லாரிகள் பறக்கும் ரோட்டோரம் எப்படி விடுவது? வீடு பார்ப்போம் என்று முடிவு செய்தோம். அங்கேதான் இரண்டாவது நோய் ஆரம்பித்தது, அதற்கு மாத்திரை இல்லை.

புரட்டாசி வரை நன்றாகத்தான் இருந்தாள். தீபாவளி வெடிச்சத்தத்துக்கு மூன்று நாள் மூலையில் ஒடுங்கிக் கிடந்தாள், அதற்கப்புறம்தான் சுற்ற ஆரம்பித்தாள். முன்னங்கால் பாதங்களை நக்கி நக்கி முடி போய்ச் சிவந்துவிட்டது. பூஞ்சையோ என்று பார்த்தோம், இல்லை. பக்கத்துக் கூண்டு நாய் கம்பி வழியாக மூக்கை நீட்டும் என்பதால் சாப்பாட்டுத் தட்டின் மேல் குனிந்து நின்று உறும ஆரம்பித்தாள். தெருவில் இருக்கும் நாய் ஒரு நாளில் எவ்வளவு நேரம் தூங்குகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? மத்தியானம் முழுக்க ஏதாவது நிழலில் தூங்கித்தான் கிடக்கும். ஷெட்டில் ஒன்று குரைத்தால் முப்பதும் குரைக்கும், மேலே தகரக் கூரை, ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்க முடியாது. எனக்கு ஒரு வாரம் அப்படித் தூக்கம் கெட்டால் நான் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுவேன். அவள் ஏழு மாதமாக அப்படி இருக்கிறாள்.

இப்போது அதே நாயை வெளியே கூட்டிப் போனால் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். கேட்டைத் தாண்டி முதல் இருபது அடி கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடுவாள். தோப்புக்குள் நுழைந்ததும் நடை மாறும். இப்போது மாசி, மரமெல்லாம் பூ, கீழே கடுகளவு பிஞ்சு உதிர்ந்து கிடக்கிறது, ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டே போவாள். வால் மெல்ல இறங்கித் தளர்ந்து தொங்கும். நாலாவது வரிசையில் ஒரு பழைய மரம், அதன் அடியில் நான் உட்கார்ந்தால் என்னிடம் முதலில் வர மாட்டாள், சுற்றி ஒரு ரவுண்டு போவாள், ஒருமுறை உடம்பை உதறுவாள், காதிலிருந்து வால்வரை அந்த உதறல் போவதைப் பார்க்க வேண்டும், அப்புறம் வந்து என் தொடைமேல் முகவாயை வைத்துப் பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். போன மாதம் ஆடு மேய்க்கும் பையன் ஒருவன் ஆட்டுக்குட்டியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் காதைச் சொறிந்துவிட்டான். ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள், மறுபடி மூடிக்கொண்டாள். இந்த நாயைத்தான் ஓசூர் குடும்பம் பார்க்கவில்லை.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: கூண்டுக்குள் நாய் காட்டும் குணம் கூண்டின் குணம். அதை வைத்து நாயைத் தேர்ந்தெடுக்காதீர்கள், தள்ளிவிடவும் செய்யாதீர்கள். இதில் காப்பகம் நடத்துகிற எங்கள் தப்பும் இருக்கிறது. 'கடிக்கும்' என்று எழுதியவர்கள் எப்போது, எதனால், அப்போது என்ன காய்ச்சல் என்று எழுதவில்லை. வருகிறவர்களை நேராக ஷெட்டுக்குக் கூட்டிப்போய் நிறுத்துவதும் நாங்கள்தான்.

இன்னொன்று, பெட்டை என்றாலே வேண்டாம் என்கிறார்கள். நம் ஊர்ப் பக்கம் இது ரொம்ப அதிகம். "ஆண் நாய் இருந்தா சொல்லுங்கண்ணா" என்று மாதத்துக்குப் பத்து போன் வருகிறது. கருத்தடை செய்த பெட்டை குட்டி போடாது, பருவத்துக்கும் வராது, வாசலில் பத்து நாய் கூடாது. இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

இதை இப்போது எழுத வேறு காரணமும் இருக்கிறது. 2025 நவம்பர் 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பள்ளி, மருத்துவமனை, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் போன்ற இடங்களில் இருக்கும் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் வைக்க வேண்டும், திரும்ப அங்கேயே விடக் கூடாது என்று உத்தரவு போட்டது. குழந்தைகள் கடிபடக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை, கடியின் வலி என்னவென்று என் மணிக்கட்டுக்கும் தெரியும். ஆனால் காப்பகம் என்று எழுதுவது சுலபம். ஒரு அக்காவும் முப்பது கூண்டும் எப்படி இருக்கும் என்பதை நான் வாரா வாரம் பார்க்கிறேன். உள்ளே போகும் நாய் வெளியே வர வழி இல்லையென்றால், நல்ல நாயாக உள்ளே போனதுகூடச் சுற்றுகிற நாயாகத்தான் மாறும்.

வழி வீடுகள்தான். நிரந்தரமாக வேண்டாம், பதினைந்து நாள் வைத்துக்கொள்ளக்கூடிய வீடுகள். பாலக்கோட்டில் ஒரு டீச்சர் அப்படி ஒரு நாயை வைத்துக்கொண்டார், கறுப்பு, இவளைவிட மோசமாக இருந்தது. முதல் மூன்று நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து வரவே இல்லை. "திருப்பிக் கூட்டிட்டுப் போயிடுங்க தம்பி" என்று நாலாவது நாள் போன் பண்ணினார். இன்னும் ஒரு வாரம் பாருங்கள் அக்கா என்று கெஞ்சினேன். புது வீட்டில் பயம் தெளிய மூன்று நாள், பழக்கம் பிடிபட மூன்று வாரம், இது நம் வீடு என்று நம்ப மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள், என் அனுபவத்தில் ஏறக்குறைய சரியாகவே இருக்கிறது. பத்தாவது நாள் அவர் ஒரு போட்டோ அனுப்பினார், பரீட்சைப் பேப்பர் கட்டுக்குப் பக்கத்தில் நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு தூங்குகிறது.

செவலைக்கு இன்றைய நிலவரம்: பிளேட்லெட் 2 லட்சத்து 40 ஆயிரம், காய்ச்சல் இல்லை, ஊசிகள் எல்லாம் போட்டாயிற்று, ஊசி போட்ட சீட்டைக் காட்டுகிறேன். சாப்பிடும்போது தனியாக விட வேண்டும், வெடிச்சத்தத்துக்குப் பயப்படுவாள், இரண்டையும் மறைக்கவில்லை. 'கடிக்கும்' என்று எழுதியிருந்த சீட்டை அக்கா கிழித்துவிட்டுப் புதுச் சீட்டில் 'களி பிடிக்கும்' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு நான் அங்கே இருப்பேன். ஓசூர்க்காரர்களே, நீங்கள் இதைப் படித்தால் பாப்பாவோடு இன்னொரு முறை வாருங்கள். இன்பாக்ஸில் கேளுங்கள், வழி அனுப்புகிறேன். ஷெட்டுக்கு வர வேண்டாம், நேராகத் தோப்புக்குள் நாலாவது வரிசைக்கு வந்துவிடுங்கள், நாங்கள் இரண்டு பேரும் அந்த மரத்தடியில் உட்கார்ந்திருப்போம்.